நேப்பியர் புல்லுக்குப் பாக்டீரியா எவ்வளவு தழைச்சத்து தரும்?

கேள்வி இதுதான்: எரிவாயு ஆலைக்குக் கொடுப்பதற்காக ஒரு விவசாயி 2 ஏக்கரில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் நட்டிருக்கிறார். காற்றில் இருக்கும் தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்துக் கொடுக்கும் பாக்டீரியாவை விட்டால் யூரியாவே வேண்டாம் என்கிறார் உயிர் உரம் விற்பவர். நம்பலாமா, எவ்வளவு குறைக்கலாம் என்று விவசாயி கேட்கிறார்.

யூரியாவை அடியோடு நிறுத்த முடியாது. கால் பங்கு குறைக்கலாம், அதுவும் உயிர் உரத்தை உயிரோடு மண்ணில் சேர்த்தால்தான். ஆனால் உங்கள் பயிரில் இதைவிடப் பெரிய சேமிப்பு வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது: புல்லை எந்த வயதில் அறுக்கிறீர்கள் என்பதிலும், ஆலையிலிருந்து ஸ்லரி (வாயு எடுத்த பின் மிஞ்சும் கழிவுக் குழம்பு) திரும்பி வருகிறதா என்பதிலும். பாக்டீரியாவைப் பற்றி ஆயிரம் பேசுகிறவர்கள் இந்த இரண்டையும் பேசுவதில்லை. அதனால்தான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. ஒரு ஏக்கரில் வருடத்துக்கு 100 டன் பச்சைப்புல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நல்ல தண்ணீரும் எருவும் இருந்தால் இதைத் தாண்டியும் வரும். அதில் ஐந்தில் ஒரு பங்குதான் காய்ந்த பொருள், அதாவது 20 டன். 45 நாளில் அறுக்கும் இளம்புல்லில் புரதம் சுமார் 10 சதவீதம். புரதத்தை 6.25-ஆல் வகுத்தால் தழைச்சத்து வரும்: 1.6 சதவீதம். 20 டனுக்கு 320 கிலோ. இவ்வளவும் ஒவ்வொரு வருடமும் வண்டியில் ஏறி நிலத்தை விட்டுப் போகிறது. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம் என்பதால், கிட்டத்தட்ட 700 கிலோ யூரியாவுக்குச் சமம்.

இந்த 320 கிலோவில் பாக்டீரியா எவ்வளவு தரும்? இதற்கு நம்பகமான பதில் வேண்டுமானால் பிரேசிலுக்குப் போக வேண்டும், ஏனென்றால் புல் இனங்களின் வேரில் வாழும் தழைச்சத்து பாக்டீரியாக்களைப் பற்றிய அறிவில் பெரும்பகுதி அங்கே உருவானது. செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து பிரேசிலில் குடியேறிய யோஹானா டோபெரெய்னர், ரியோ டி ஜெனிரோவை அடுத்த செரோபெடிகாவில் இருந்துகொண்டு வாழ்நாள் முழுக்க இதையே ஆராய்ந்தார். 1966-இல் பாஸ்பாலம் என்ற புல்லின் வேரில் அசோட்டோபாக்டர் என்ற தழைச்சத்து பாக்டீரியாவின் ஓர் இனத்தை விவரித்தார். 1970-களில் அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியா உலகக் கவனத்துக்கு வந்தது அவருடைய குழுவால்தான். 1986-இல் வந்த ஹெர்பாஸ்பைரில்லம் செரோபெடிகே என்ற பாக்டீரியா அந்த ஊரின் பெயரையே தாங்கி நிற்கிறது. 1988-இல் கரும்பின் உள்ளேயே குடியிருக்கும் ஒரு பாக்டீரியாவைக் கண்டார்கள். அதுதான் இன்று நம் கரும்பு விவசாயிகளுக்கும் உயிர் உரமாகக் கிடைக்கும் குளுக்கோனஅசிட்டோபாக்டர் டயசோட்ரோபிகஸ்.

தொடக்க காலத்தில் வந்த எண்கள் மிக அதிகமாக இருந்தன. அசிட்டிலீன் வாயுவை வைத்து அளக்கும் முறையில், வேரை வெட்டி எடுத்து ஆக்சிஜன் குறைந்த நிலையில் இரவு முழுவதும் வைத்திருந்து மறுநாள் அளந்தார்கள். அந்த ஓர் இரவுக்குள் வெட்டிய வேரில் பாக்டீரியா பெருகிவிடும். வயலில் நடப்பதல்ல, குப்பியில் நடப்பதுதான் அளவீட்டில் வந்தது. இன்றும் சில விற்பனைத் தாள்களில் அந்தக் காலத்து நம்பிக்கை ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறகு நைட்ரஜன்-15 என்ற கனமான ஐசோடோப்பை வைத்தும், நிலத்துக்குள் வந்தது எவ்வளவு, வெளியே போனது எவ்வளவு என்று வருடக்கணக்கில் வரவுசெலவு போட்டும் பார்த்தார்கள். 1992-இல் வெளியான ஒரு சோதனையில் சில கரும்பு ரகங்கள் பாதிக்கும் மேற்பட்ட தழைச்சத்தைக் காற்றிலிருந்து பெற்றதாகத் தெரிந்தது. ஆனால் அது தண்ணீரும் மற்ற சத்துகளும் தாராளமாகக் கொடுத்துக் கட்டுப்படுத்திய சூழல். 2012-இல் வெளியான 16 ஆண்டு கரும்பு வயல் சோதனையில் கிடைத்தது ஹெக்டேருக்கு வருடம் குறைந்தபட்சம் 40 கிலோ. நிதானமான கணக்குக்கு இதையே எடுத்துக்கொள்கிறேன்: ஏக்கருக்கு 16 கிலோ, அதாவது 35 கிலோ யூரியா. ஆஸ்திரேலியக் கரும்பு வயல்களில் தேடியபோது அந்த அளவுகூடத் தெளிவாகத் தென்படவில்லை. உங்கள் ஒட்டுப்புல்லின் பெற்றோரில் ஒன்றான யானைப்புல்லிலும் (நேப்பியர் புல்லின் இன்னொரு பெயர்) பிரேசிலில் சோதித்தார்கள். சத்துக் குறைந்த மண்ணில் சில ரகங்கள் நன்றாகவே காற்றுத் தழைச்சத்தைப் பிடித்தன, சில பிடிக்கவில்லை. ரகத்துக்கு ரகம் வேறுபாடு அவ்வளவு பெரிது.

ஆக, 320-க்கு 16. இருபதில் ஒரு பங்கு.

ஏன் இவ்வளவு குறைவு? உளுந்து, தட்டைப்பயறு போன்றவற்றில் வேர் முடிச்சு இருக்கிறது. செடி ஒரு வீடு கட்டி, ஆக்சிஜனைக் கட்டுப்படுத்தி, சர்க்கரை ஊட்டி, பாக்டீரியா செய்யும் அம்மோனியாவை உடனுக்குடன் வாங்கிக்கொள்கிறது. புல்லுக்கு அந்த வீடு இல்லை. பாக்டீரியா வேரின் மேலும், செல்களுக்கு இடைப்பட்ட சந்துகளிலும் ஒண்டுக் குடித்தனம் இருக்கிறது. தழைச்சத்தைப் பிடிக்கும் நைட்ரோஜினேஸ் என்ற நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுப்போகும். ஒரு நைட்ரஜன் மூலக்கூறை உடைக்க 16 ஏடிபி (செல் ஆற்றலைச் சேமித்துவைக்கும் மூலக்கூறு) செலவாகும். ஒரு கிராம் சர்க்கரைக்கு இந்த பாக்டீரியாக்கள் பிடிப்பது ஏறக்குறைய 10 முதல் 20 மில்லிகிராம் தழைச்சத்து என்று கொண்டால், 16 கிலோ பிடிக்க வேர் 800 முதல் 1,600 கிலோ சர்க்கரையைக் கசியவிட வேண்டும். அதையும் நூறு வகை வேறு நுண்ணுயிர்கள் பங்குக்கு வந்து பிடுங்கும். பிடித்த தழைச்சத்தையும் அது தன் உடம்புக்கே வைத்துக்கொள்கிறது. பெரும்பாலும் அது செத்து மட்கிய பிறகுதான் புல்லுக்குக் கிடைக்கும்.

இன்னொரு விஷயம், இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்: சுற்றிலும் அம்மோனியம் இருந்தால் அசோஸ்பைரில்லம் நைட்ரோஜினேஸை நிறுத்திவிடும். இலவசமாகக் கிடைக்கும்போது எதற்கு உழைக்க வேண்டும்? யூரியா போட்ட கையோடு அசோஸ்பைரில்லம் விட்டு, இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் என்று எதிர்பார்ப்பது இதனால்தான் வீண்.

அப்படியானால் உயிர் உரம் பயனற்றதா? இல்லை. பயன் வேறு வழியில் வருகிறது. அசோஸ்பைரில்லம் ஆக்சின் என்ற வளர்ச்சி ஊக்கியைச் சுரக்கிறது. வேர்த்தூவி பெருகும், பக்கவேர் கிளைக்கும். போட்ட உரத்தையும் தண்ணீரையும் பயிர் கூடுதலாக உறிஞ்சும். உலகெங்கும் இருபது வருடம் நடந்த வயல் சோதனைகளை 1994-இல் தொகுத்துப் பார்த்தபோது, 60 முதல் 70 சதவீதச் சோதனைகளில் விளைச்சல் கூடியிருந்தது, கூடியது 5 முதல் 30 சதவீதம். மூன்றில் ஒரு பங்கு சோதனைகளில் பலனே இல்லை என்பதும் அதே தொகுப்பின் பொருள்தான். நம் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உயிர் உரம் இட்டால் பரிந்துரைத்த உரத்தில் 75 சதவீதம் போதும் என்று சொல்வதையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். குறைத்த கால் பங்கு முழுவதும் காற்றிலிருந்து வருவதில்லை. மீதி முக்கால் பங்கை வேர் இன்னும் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். எனவே முக்கால் பங்கையும் நிறுத்திவிட்டால், பெருகிய வேருக்குப் பிடிக்க ஒன்றும் இருக்காது.

"யூரியா போடாமலேயே பக்கத்து வயலில் நன்றாக வந்ததே" என்று காட்டுவார்கள். முதல் வருடம் வரும். அங்கக கார்பன் 0.6 சதவீதம் உள்ள மண்ணில் மேல் 15 சென்டிமீட்டருக்குள் ஏக்கருக்கு ஏறத்தாழ 500 கிலோ தழைச்சத்து அங்ககப் பொருளாகப் பூட்டிக் கிடக்கிறது. உழுது, தண்ணீர் பாய்ச்சும்போது அதில் ஒரு பகுதி விடுபடும். நடவுக்கு முன் போட்ட 10 டன் தொழுஉரத்தில் இன்னொரு 50 கிலோ. இந்தச் சேமிப்பைத்தான் புல் சாப்பிடுகிறது, பெயர் பாக்டீரியாவுக்குப் போகிறது. மூன்றாம் வருடம் தூர் மெலிந்து, தண்டு பென்சில் போல ஆகும்போது விற்றவர் பக்கத்தில் இருக்க மாட்டார்.

சரி, உயிர் உரத்தை எப்படிக் கொடுப்பது? பல்கலைக்கழக அளவு ஹெக்டேருக்கு அசோஸ்பைரில்லம் 2 கிலோ, பாஸ்போபாக்டீரியா (மண்ணில் உள்ள மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, கரைத்துத் தருவது) 2 கிலோ, அல்லது இரண்டும் சேர்ந்த அசோபாஸ் 4 கிலோ. ஏக்கருக்கு அசோஸ்பைரில்லம் 200 கிராம் பொட்டலம் நான்கு, பாஸ்போபாக்டீரியா நான்கு. நடவின்போது 60-க்கு 50 சென்டிமீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு சுமார் 13,300 இருபருக் கரணைகள் (இரண்டு மொட்டுள்ள தண்டுத் துண்டுகள்) ஆகும். நான்கு பொட்டலத்தை 40 லிட்டர் தண்ணீரில் கரைத்து, ஆறிய வடிகஞ்சி ஒரு லிட்டர் சேர்த்து, கரணைகளை 20 முதல் 30 நிமிடம் ஊறவைத்து, நிழலில் வைத்து அன்றே நட்டுவிடுங்கள். ஏற்கெனவே நட்டாகிவிட்டது என்பதால் உங்களுக்கு இது மறுநடவுக்குத்தான் உதவும். நிற்கும் பயிருக்கு, அறுத்த மூன்று நான்கு நாளில் 50 கிலோ சலித்த மக்கிய தொழுஉரத்தில் பொட்டலங்களைக் கலந்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, ஈரச்சாக்கு போர்த்தி ஒரு நாள் நிழலில் வைத்து, மாலையில் தூரை ஒட்டி இட்டு உடனே தண்ணீர் கட்டுங்கள். யூரியா அதற்குப் பத்து நாள் கழித்து.

தவறு நடக்கும் இடங்கள் பெரும்பாலும் வயலுக்கு வருவதற்கு முன்பே இருக்கின்றன. அரசு தரக் கட்டுப்பாட்டின்படி பொடியில் கிராமுக்கு 5 கோடி, திரவத்தில் மில்லிக்கு 10 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். பொடி ஆறு மாதம், திரவம் ஒரு வருடம் தாங்கும். வெயில் கொளுத்தும் கடையின் தகரக் கூரைக்கு அடியில் ஒரு மாதம் இருந்த பொட்டலத்தில் தேதி செல்லும், பாக்டீரியா இருக்காது. பொடி காய்ந்து தூசியாகப் பறந்தால் வாங்காதீர்கள், கையில் பிடித்தால் ஈரம் தெரிய வேண்டும். கரணையைப் பூஞ்சாணக்கொல்லியில் நனைப்பதானால் அதை முதலில் செய்து, நிழலில் உலர்த்தி, பிறகு உயிர் உரம். இரண்டையும் ஒரே தொட்டியில் கலந்தால் பூஞ்சாணத்தோடு பாக்டீரியாவும் போய்விடும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் என்றால் ஒரு நாள் திறந்த தொட்டியில் வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். மண் அமிலமாக இருந்தால் மாலிப்டினம் கிடைக்காது. நைட்ரோஜினேஸின் மையத்தில் இரும்போடு மாலிப்டினமும் இருக்கிறது என்பதால், அந்த மண்ணில் பாக்டீரியா உயிரோடு இருந்தும் தழைச்சத்து பிடிக்காது. முதலில் சுண்ணாம்பு இட வேண்டும்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன், அறுப்பு வயது. பல்கலைக்கழகப் பரிந்துரை முதல் அறுப்பு 75 முதல் 80 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒருமுறை, ஒவ்வொரு அறுப்புக்கும் ஹெக்டேருக்கு 75 கிலோ தழைச்சத்து. இது மாட்டுத் தீவனத்துக்கு எழுதியது. மாட்டுக்குப் புரதம் வேண்டும், அதனால் இளசாக அறுக்கிறோம். எரிவாயுவுக்குப் புரதம் தேவையில்லை, அங்கே விலை போவது கார்பன். புல் முற்ற முற்ற அதில் தழைச்சத்து குறைந்துகொண்டே போகும்: 45 நாளில் 1.6 சதவீதம் இருந்தது 75 நாளில் 1.2-ஐ ஒட்டி வரும், ஆறு மாதத்தில் 0.7 அளவுக்கு இறங்கிவிடும். அடியிலைகள் காயும்போது அவற்றின் தழைச்சத்தில் ஒரு பகுதி மேலே போகிறது, உதிரும் சருகோடு ஒரு பகுதி நிலத்திலேயே தங்குகிறது. அதே 20 டன் காய்ந்த புல்லுக்கு 75 நாள் அறுப்பில் 240 கிலோ, ஆறு மாத அறுப்பில் 140 கிலோ. இடைவெளியை 45 நாளிலிருந்து 75 நாளாக மாற்றியதிலேயே வருடம் 80 கிலோ தழைச்சத்து மிச்சம். பாக்டீரியா தரும் 16 கிலோவைப் போல ஐந்து மடங்கு.

குளிர் நாடுகளில் எரிபொருளுக்கு வளர்க்கும் மிஸ்காந்தஸ் புல் இதையே இயற்கையாகச் செய்கிறது. இலையுதிர் காலத்தில் இலையிலும் தண்டிலும் உள்ள சத்தை மண்ணுக்கடியில் இருக்கும் கிழங்குக்கு இறக்கிவைத்துக்கொண்டு, காய்ந்த தட்டையை மட்டும் மேலே விட்டுவைக்கும். குளிர்காலம் முடியும் தறுவாயில் அதை அறுப்பார்கள். இங்கிலாந்தின் ரோதாம்ஸ்டெட் நிலையத்தில் 14 வருடம் நடந்த சோதனையில் தழை உரம் போட்ட பாத்திக்கும் போடாத பாத்திக்கும் விளைச்சலில் வேறுபாடு தெரியவில்லை. சிலர் இதை நேப்பியருக்கும் சான்றாகக் காட்டுகிறார்கள். பொருந்தாது. நேப்பியருக்கு உறக்கக் காலம் இல்லை, நாம் பச்சையாக அறுக்கிறோம், வருடத்தில் ஐந்து முதல் எட்டு முறை அறுக்கிறோம். சத்து கீழே இறங்க அதற்கு அவகாசமே கிடைப்பதில்லை.

எரிவாயு ஆலைக்கு ஆறு மாதம் வரை விடவும் கூடாது. முற்றிய தண்டில் லிக்னின் என்ற மரப்பொருள் ஏறி, செரிப்பானில் (புல்லை நொதிக்கவைத்து வாயு எடுக்கும் தொட்டியில்) வாயு குறையும். காய்ந்த புல்லில் கார்பன் 45 சதவீதம் இருக்கும். 45 நாள் புல்லில் கார்பனுக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 28, 75 நாளில் 37-38, ஆறு மாதத்தில் 60-ஐத் தாண்டும். செரிப்பானுக்கு 20 முதல் 30 வரை பிடிக்கும் என்றாலும், சாணமோ கோழி எருவோ சேர்த்து ஓட்டும் ஆலைக்கு 75 நாள் புல் சரியாகப் போகும். என் கருத்தில் உங்களுக்கு 65 முதல் 75 நாள் பொருத்தம். ஆலை எடையை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்கிறதா, காய்ந்த பொருளைப் பார்த்துக் கொடுக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எடை மட்டும் என்றால் ஈரத்தோடு இளசாக அறுக்கத்தான் மனம் போகும், அதில் இழப்பது உங்கள் மண்ணின் தழைச்சத்து. கொதிகலனில் எரிக்கும் ஆலை என்றால் நேர்மாறு: முற்றியதே நல்லது. இளம்புல்லில் இருக்கும் சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) குளோரினும் அடுப்பில் உருகிக் கட்டி பிடிக்கும், தழைச்சத்து நைட்ரஜன் ஆக்சைடாகப் புகையில் போகும்.

அடுத்தது ஸ்லரி. செரிப்பானிலிருந்து வெளியே போவது மீத்தேனும் கரியமில வாயுவும். அதாவது கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் மட்டும். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து மூன்றும் ஏறக்குறைய முழுவதும் கழிவிலேயே தங்கிவிடும். தழைச்சத்தில் பெரும்பகுதி அம்மோனியமாக மாறி, பயிர் உடனே எடுக்கும் நிலையில் இருக்கும். உங்கள் ஒரு ஏக்கர் அனுப்பிய 240 கிலோவில் பாதியே திரும்பி வந்தாலும் 120 கிலோ, 260 கிலோ யூரியா. இதைவிடச் சிறந்த உயிர் உரம் எரிபொருள் புல்லுக்குக் கிடையாது. எனவே ஒப்பந்தம் போடும்போதே, டன் புல்லுக்கு இவ்வளவு ஸ்லரி திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பிழிந்த திடப்பொருளை மட்டும் எருவாகத் தந்து திரவத்தை வைத்துக்கொண்டால் அம்மோனியத்தில் பெரும்பங்கு அவர்களிடமே நிற்கிறது என்று பொருள். ஸ்லரியின் கார அமில நிலை 8-ஐ ஒட்டி இருக்கும். வெயிலில் மேலே தெளித்தால் அம்மோனியா வாடையாகவே பறந்துவிடும். அறுத்த ஒரு வாரத்துக்குள், மாலையில், ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, வாய்க்கால் பாசனத்தோடு விடுங்கள். அந்த அறுப்புக்கு யூரியாவைப் பாதியாக்கலாம்.

சாம்பல் சத்தை மறந்துவிடாதீர்கள். நேப்பியர் தழைச்சத்துக்கு இணையாகவோ கூடுதலாகவோ அதை எடுக்கும், 20 டன் காய்ந்த புல்லில் 2 சதவீதம் என்றாலே 400 கிலோ. ஸ்லரியோ சாம்பலோ திரும்பாத நிலத்தில் மூன்றாம் வருடம் விழும் விளைச்சலுக்குப் பல நேரம் இதுதான் காரணம், பழி யூரியா மேல் விழுகிறது. அடியிலை நுனியிலிருந்து ஓரமாகக் கருகினால் சாம்பல் சத்துக் குறை. அடியிலை நுனியிலிருந்து நடுநரம்பை ஒட்டி மஞ்சளாகி உள்ளே இறங்கினால் தழைச்சத்துக் குறை.

காற்றிலிருந்தே தழைச்சத்து வர வேண்டும் என்று விரும்பினால், மூன்று வரிசை நேப்பியருக்கு ஒரு வரிசை வேலிமசால் போடும் பழைய பரிந்துரை இன்னும் நல்ல பரிந்துரைதான். வேர் முடிச்சு உள்ள பயிர் என்பதால் வேலிமசால் தனக்கு வேண்டியதைத் தானே தேடிக்கொள்ளும், உதிர்ந்த இலையும் பழைய வேரும் புல்லுக்கு. கையால் அறுக்கும் நிலத்தில் இது எளிது. இயந்திர அறுவடை என்றால் வரிசை கலப்பது தொல்லை, ஓரங்களில் மட்டும் போடலாம்.

கடைசியாக, உங்கள் நிலத்தில் உயிர் உரம் வேலை செய்கிறதா என்பதை நீங்களே பார்த்துவிடலாம். ஒரே மாதிரி மண்ணில் நான்கு நான்கு வரிசையாக மூன்று பட்டை பிரியுங்கள். முதல் பட்டைக்கு முழு உரம்: 30 கிலோ தழைச்சத்து, அதாவது அறுப்புக்கு ஏக்கர் கணக்கில் 65 கிலோ யூரியா. இரண்டாவதற்கு முக்கால் பங்கு, 49 கிலோ. மூன்றாவதற்கு அதே 49 கிலோவோடு உயிர் உரம். ஸ்லரியை மூன்றுக்கும் விடாதீர்கள், மணிச்சத்தும் சாம்பல் சத்தும் மூன்றுக்கும் சமம். ஓரத்து வரிசைகளை விட்டுவிட்டு நடு இரண்டு வரிசையை மட்டும் எடை போட்டு, மூன்று அறுப்பு தொடர்ந்து குறித்துவையுங்கள். மூன்றாவது பட்டை முதலாவதை எட்டினால் கால் பங்கு யூரியாவைத் தைரியமாகக் குறைக்கலாம். மூன்றாவதும் இரண்டாவதும் ஒரே எடை என்றால் பொட்டலத்தில் உயிர் இல்லை, அல்லது உங்கள் மண் அதை வாழவிடவில்லை. முதலாவதும் இரண்டாவதுமே சமமாக வந்தால், இதுவரை தேவைக்கு மேல் யூரியா போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். அப்போது உயிர் உரம் வாங்காமலேயே குறைத்துக்கொள்ளலாம்.